தேடப்படாத இரண்டாவது வைரஸ்

எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் நிலையை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஓர் எண்ணை வைத்து அளந்து வந்தார்கள். ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்கள் எத்தனை இருக்கின்றன என்பதே அந்த எண். எண் உயர்ந்தால் நோயாளி தேறுகிறார், இறங்கினால் ஆபத்து. எச்.ஐ.வி. அழிப்பது இந்த அணுக்களைத்தான் என்பதால் கணக்கும் சரியாகவே இருந்தது.

1994-ல் பிரேசிலிலிருந்து வந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கைக் கலைத்தது. ரியோ டி ஜெனீரோவைச் சேர்ந்த மவுரோ ஷெக்டரும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அதை வெளியிட்டார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சி.டி.4 எண்ணிக்கை மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. ஆனால் அவர்களுடைய நோய் குறைந்திருக்கவில்லை, முற்றியே இருந்தது. அவர்கள் எல்லோருடைய உடலிலும் எச்.ஐ.வி.யோடு இன்னொரு மனித ரெட்ரோவைரஸும் இருந்தது. அதன் பெயர் எச்.டி.எல்.வி-1.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1997-ல், அதே நாட்டிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. இரண்டு வைரஸும் சேர்ந்திருப்பவர்களிடம் தண்டுவட பாதிப்பு, எச்.ஐ.வி. மட்டும் உள்ளவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றது அது. கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை என்று வந்தவர்கள் அவர்கள். எச்.ஐ.வி.யின் வேலைதான் என்று எளிதில் எழுதிவிடக்கூடிய தொல்லைகள் இவை. இரண்டாவது வைரஸைத் தேடிப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது.

எச்.டி.எல்.வி-யைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் மனிதரிடம் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட ரெட்ரோவைரஸ் அதுதான், எச்.ஐ.வி. அதற்குப் பின்னால் வந்தது. ரெட்ரோவைரஸ்கள் தங்கள் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் சுமந்து வருகின்றன. உடலின் அணுவுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்த அணுவின் சொந்த மரபணுக்களோடு கோத்துவிடுகின்றன. இப்படி மாற்றும் நொதியை 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். விலங்குகளிடம் இத்தகைய வைரஸ்கள் உண்டு என்று தெரிந்திருந்தது. மனிதரிடம் இருக்குமா என்பதில் அறிவியலாளர்கள் பலருக்கும் ஐயம் இருந்தது. 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வகம், தோலைத் தாக்கும் ஒருவகை இரத்த அணுப் புற்றுநோய் கொண்டவரிடமிருந்து எச்.டி.எல்.வி-1ஐப் பிரித்தெடுத்ததாக அறிவித்தது. ஜப்பானில் கியோஷி தகாட்சுகி 1977-லேயே பெரியவர்களைத் தாக்கும் ஒரு தனி வகை இரத்தப் புற்றுநோயை விவரித்திருந்தார். அதற்குக் காரணமும் இந்த வைரஸே என்பதை யோரியோ ஹினுமா உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினார்கள். 1982-ல் அதன் நெருங்கிய உறவான எச்.டி.எல்.வி-2 கிடைத்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் எய்ட்ஸ் வைரஸ் கண்டறியப்பட்டது 1983-ல்தான்.

எச்.ஐ.வி.யும் எச்.டி.எல்.வி-1உம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் இவற்றின் போக்கு நேர் எதிரானது. இரண்டும் முக்கியமாகக் குறிவைப்பது சி.டி.4 அணுக்களையே. எச்.ஐ.வி. ஓயாமல் புதுப்புது வைரஸ் துகள்களை உண்டாக்குகிறது, அணுக்களை அழிக்கிறது. எச்.டி.எல்.வி-1 தான் புகுந்த அணுவைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அதைப் பிழைக்க வைத்துப் பிரியத் தூண்டுகிறது. ஓர் அணு இரண்டாகும்போது உள்ளே கோத்திருக்கும் வைரஸின் மரபுச் செய்தியும் இரண்டாகிறது. இரத்தத்தில் தனித்துகளாக அது மிதப்பது அரிது. ஓர் அணு இன்னோர் அணுவைத் தொட்டு நிற்கும்போது அந்த ஒட்டின் வழியே தாவுகிறது. ரியோ ஆய்வில் சி.டி.4 எண்ணிக்கை ஏன் உயர்ந்து தெரிந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. எண்ணிக்கையில் இருந்தவற்றில் ஒரு பங்கு, எச்.டி.எல்.வி. பெருக்கிவிட்ட அணுக்கள். நோயை எதிர்க்கும் வலு அந்த எண் காட்டிய அளவுக்கு நோயாளியிடம் இருக்கவில்லை.

இது வெறும் ஆய்வகச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும், அந்த வைரஸை அடக்கும் கூட்டு மருந்தை உடனே தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2015-ல்தான். அதற்கு முன் சி.டி.4 எண்ணிக்கை 200, 350, 500 என்று அவ்வப்போது நிர்ணயித்த எல்லைக்குக் கீழே இறங்கும் வரை பல நாடுகளில் மருந்து தொடங்க மாட்டார்கள். இரண்டு வைரஸும் இருந்தவர்களில் சிலருக்கு அந்த எண் பொய்யாக உயர்ந்து நின்றிருக்கும். அவர்கள் மருந்துக்குத் தகுதி பெறாமல் காத்திருந்திருப்பார்கள். இன்றும் நுரையீரல் தொற்று முதலியவை வராமல் தடுக்கும் மாத்திரைகளை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க சி.டி.4 எண் பயன்படுகிறது. ஆகவே அந்தப் பொய்க்கணக்கின் அபாயம் முழுதாக நீங்கிவிடவில்லை.

இனி நரம்புக்கு வருவோம்.

வெப்பநாடுகளில் கால்கள் மெல்ல மெல்ல விறைத்து நடை குலைந்துபோகும் ஒரு நோயை மருத்துவர்கள் வெகுகாலமாகக் கண்டு வந்தார்கள். ஜமைக்காவில் எரிக் குரூக்‌ஷாங்க் 1956-ல் அதைப் பற்றி எழுதினார். சத்துக்குறைவா, மேகநோயா, மரவள்ளிக்கிழங்கின் நச்சா என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்பட்டன. தென்னிந்தியாவிலும் இதே போன்ற ஒரு நோய்த்தொகுதி இருப்பதை நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும், ஜமைக்கா நோயை ஆராய்ந்த மான்ட்கோமரியும் சேர்ந்து 1969-ல் பதிவு செய்தார்கள். அப்போது வைரஸ் எதுவும் கண்ணில் படவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்கில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் இன்றும் வாழும் தீவு அது. 1985-ல் அன்டுவான் ஜெசெய்ன் தலைமையிலான குழு, இந்த நடைக்கோளாறு கொண்ட 17 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. 10 பேரிடம் எச்.டி.எல்.வி-1க்கான எதிர்ப்பொருள் இருந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானின் ககோஷிமாவில் மிட்சுஹிரோ ஒசாமே தன் நோயாளிகளிடம் அதே வைரஸையும் அதே தண்டுவட நோயையும் இணைத்துக் காட்டினார். உலகின் இரு கோடிகளில் இருந்தவர்களை வாட்டியது ஒரே நோய் என்று தெளிவானது. 1987-ல் இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளிலிருந்தும் இதே செய்தி வந்தது.

இந்த நோய் சத்தமில்லாமல் தொடங்கும். மாடிப்படி ஏறும்போது கால் கனக்கும். நடக்கையில் செருப்பு நழுவும், சமதரையிலேயே கால் இடறும். இடுப்பு வலிக்கும். சிறுநீர் அவசரமாக வரும், கழிப்பறைக்குப் போனாலோ முழுதாகக் கழியாது. மலச்சிக்கல் வரும், ஆண்களுக்கு விறைப்புக் கோளாறும் வரலாம். கைகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆண்டுகள் போகப்போக ஊன்றுகோல், பிறகு சக்கர நாற்காலி என்று நிலை இறங்கும். ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். சிறுநீர் பற்றியும் தாம்பத்தியம் பற்றியும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற நோயாளி, முதல் அறிகுறிகளைச் சொல்லாமலேயே நாட்களைக் கடத்திவிடுகிறார். எச்.ஐ.வி. என்ற பழியையும் சேர்த்துச் சுமப்பவருக்கு அந்தக் கூச்சம் இரட்டிப்பாகிறது.

எச்.டி.எல்.வி-1 உள்ளவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பார்கள். தண்டுவட நோய் வருவது 100 பேரில் அதிகபட்சம் நான்கு பேருக்குத்தான். வருகிறவர்களிடம் நடப்பது என்ன? நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்துக்குள் வைரஸ் உள்ள சி.டி.4 அணுக்கள் நுழைகின்றன. அவற்றில் உருவாகும் ‘டாக்ஸ்’ என்ற புரதத்தைக் குறிவைத்து, உடலின் கொல்லும் அணுக்களான சி.டி.8 படை விரைந்து வருகிறது. திருடனைத் துரத்தி வந்த கூட்டம் தெருவில் இருக்கிற வீடுகளையும் அடித்து நொறுக்கிவிட்டுப் போவதைப் போல, அந்த அழற்சியில் நரம்பிழைகளும் அவற்றின் உறையும் சிதைகின்றன. மூளையின் கட்டளையைக் கால்களுக்குக் கொண்டுசெல்லும் பாதைகளே அதிகம் சேதப்படுகின்றன. நரம்பணு ஒருமுறை அழிந்தால் மீள்வது அரிது. அதனால்தான் இந்த நோயில் ஒவ்வொரு மாதத் தாமதமும் விலை கேட்கிறது.

நோய் எதிர்ப்பாற்றல் ஒடுக்கப்பட்ட உடலில் இந்த வைரஸ் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. பிரான்சில் இதய மாற்று அறுவையின்போது ஏற்றிய இரத்தத்தின் வழியே தொற்றுப் பெற்ற ஒருவருக்குச் சில மாதங்களுக்குள் தண்டுவட நோய் வந்தது. 1990-ல் அது வெளியானது. ஸ்பெயினில் அறிகுறி ஏதும் இல்லாத ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற மூவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் கால்கள் விழத் தொடங்கின. வழக்கமாகப் பல பத்தாண்டுகள் எடுக்கும் நோய் இது. உறுப்பு மாற்றத்துக்குத் தரும் மருந்துகளும் எச்.ஐ.வி.யும் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் விதம் வேறுவேறு. ஆனாலும் எதிர்ப்பாற்றல் குலைந்த உடலில் எச்.டி.எல்.வி. இருப்பதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

நோயைக் கண்டுபிடிப்பதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. எச்.ஐ.வி. தானாகவே நரம்புகளைக் கெடுக்கும். பாதங்களில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, மரத்துப்போதல் என்று தொடங்கும் நரம்புநோய் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மிகப் பரவலானது. மருந்துகளும் அதே கெடுதலைச் செய்யலாம். இந்தியாவில் 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட மையங்களில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது தரப்பட்ட ஸ்டாவுடின் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. அதை உட்கொண்டவர்களில் பலருக்குப் பாத எரிச்சலும் வந்தது. பின்னாளில் அந்த மருந்து படிப்படியாகக் கைவிடப்பட்டது. காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிடும் வைட்டமின் பி6 சேர்க்காவிட்டால் நரம்பைப் பாதிக்கும். போதாக்குறைக்கு, எய்ட்ஸ் முற்றிய நிலையில் தண்டுவடத்தில் நுண்ணிய ஓட்டைகள் விழும் ஒரு நோயும் உண்டு. 1985-ல் நியூயார்க்கில் பெட்டிட்டோவும் குழுவும் எய்ட்ஸால் இறந்த 89 பேரின் உடற்கூறாய்வில் 20 பேரிடம் அதைக் கண்டார்கள். பி12 குறைவில் வரும் தண்டுவடச் சேதத்தை அது அப்படியே ஒத்திருக்கும்.

ஆக, தள்ளாடி நடந்து வரும் ஓர் எச்.ஐ.வி. நோயாளியின் முன்னால் மருத்துவருக்குப் பல விடைகள் காத்திருக்கின்றன. எச்.டி.எல்.வி. அவற்றில் ஒன்று. அவர் அதை நினைத்துப் பார்த்தால்தான் பரிசோதனைக்கு எழுதுவார். தண்டுவட நீரை எடுத்துச் சோதித்தால் எச்.டி.எல்.வி-1 நோயில் அழற்சியின் தடயங்களும் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருளும் தென்படும். எச்.ஐ.வி. தனியே உண்டாக்கும் ஓட்டை நோயில் அழற்சி அவ்வளவாக இருக்காது. பெரும்பாலும் சி.டி.4 வெகுவாக இறங்கிய பின்பே அது தலைகாட்டும். சி.டி.4 நல்ல நிலையில் இருக்க, கால் மட்டும் விறைத்துக்கொண்டே போகிறது என்றால், எச்.டி.எல்.வி-யைத் தேட அதுவே போதுமான காரணம்.

எச்.டி.எல்.வி-2 வேறொரு கதை சொல்கிறது. அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடிகள் சிலரிடம் பழங்காலம் தொட்டு இருந்து வந்த வைரஸ் அது. ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து ஏற்றிக்கொள்வோரிடையே அமெரிக்காவிலும் தென் ஐரோப்பாவிலும் பரவியது. அதே ஊசி எச்.ஐ.வி.யையும் சுமந்ததால் இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தன. நியூ ஆர்லியன்ஸில் மார்க் பெயில்கி குழுவினர் இத்தகைய நோயாளிகளை நீண்ட காலம் கவனித்தார்கள். எச்.டி.எல்.வி-2 சேர்ந்திருந்தவர்களிடம் எச்.ஐ.வி. நோய் சற்று மெதுவாக முன்னேறியதை அவர்கள் கண்டார்கள். எச்.ஐ.வி. அணுவுக்குள் நுழையும் கதவை அடைக்கும் சில வேதிப்பொருட்களை எச்.டி.எல்.வி-2 உடலில் அதிகம் சுரக்கச் செய்வதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆனால் நரம்பின் கணக்கு தனி. இத்தாலியின் மிலானில் நடத்தப்பட்டு 1995-ல் வெளியான ஆய்வில், உணர்ச்சி நரம்புகள் கெட்டிருந்த எச்.ஐ.வி. நோயாளிகளிடம் எச்.டி.எல்.வி-2 மிக அதிகமாகக் காணப்பட்டது. நோய் எதிர்ப்பாற்றலுக்கு ஒருவகையில் துணை நின்ற வைரஸ், பாதத்து நரம்புகளுக்குப் பகையாகவும் இருந்திருக்கக்கூடும். இந்த முரணை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இரண்டாவது வைரஸையும் அடக்கிவிடாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான், மருத்துவர்களும் அதை நம்பிச் சோதித்துப் பார்த்தார்கள். கூட்டு மருந்தில் பெரும்பகுதி, ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியையும், அதை மரபணுவில் கோக்கும் நொதியையும் தடுப்பது. எச்.ஐ.வி. ஒவ்வொரு நாளும் புதிய அணுக்களைத் தாக்க இந்த நொதிகளை நம்பியிருப்பதால் மருந்து அதை வீழ்த்துகிறது. எச்.டி.எல்.வி-யோ, ஏற்கெனவே கோத்துவிட்ட அணுக்கள் பிரிவதன் வழியாகவே பெரும்பாலும் பெருகுகிறது. அங்கே மருந்து தடுப்பதற்கு அந்த நொதிகளின் வேலையே நடப்பதில்லை. சிடோவுடினும் லாமிவுடினும் சேர்த்து எச்.டி.எல்.வி. தண்டுவட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மருத்துவச் சோதனையில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. கூட்டு மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் எச்.ஐ.வி. அளவிட முடியாதபடி குறைந்த பின்னும் ஒருவருடைய கால் விறைத்துக்கொண்டே போவது இப்படித்தான் நேர்கிறது. அவர் மாத்திரையைத் தவறவிட்டார் என்று குற்றம் சாட்டுவது பெரும் அநியாயம்.

சிகிச்சை முற்றிலும் இல்லை என்பதும் சரியல்ல. அழற்சி தீவிரமாக இருக்கும் தொடக்கக் கட்டத்தில் ஸ்டீராய்டு சிலருக்கு உதவுகிறது. எச்.ஐ.வி.யும் உள்ளவரிடம் வேறு தொற்றுகளைத் தூண்டிவிடாமல் அதைக் கவனமாகக் கையாள வேண்டும். எச்.டி.எல்.வி. உள்ளவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு மறைந்திருந்தால், ஸ்டீராய்டு கொடுத்ததும் அது உடல் முழுதும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அதையும் முன்கூட்டிப் பார்த்துவிட வேண்டும். வைரஸ் உள்ள அணுக்களைக் குறிவைக்கும் மொகாமுலிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தை ஜப்பானிய மருத்துவர்கள் சோதித்து 2018-ல் நம்பிக்கை தரும் முதல்கட்ட முடிவுகளை வெளியிட்டார்கள். அத்தகைய மருந்து உறுதியாகும்வரை அன்றாடம் கைகொடுப்பவை எளிய உதவிகள்தாம்: விறைப்பைத் தளர்த்தும் பாக்லோஃபென், இயன்முறைப் பயிற்சி, சிறுநீரைத் தானே குழாய் வைத்து வெளியேற்றக் கற்றுக்கொள்வது, வலிக்கு மருந்து. இவற்றை முறையாகச் செய்தவர் நடமாட்டத்தை நீண்ட நாள் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

வராமல் தடுப்பதில் ஜப்பான் முன்மாதிரி. தாய்ப்பால், உடலுறவு, இரத்தம், ஊசி ஆகிய வழிகளில் எச்.டி.எல்.வி. பரவுகிறது. அங்கே 1986 முதல் கொடையாளர் இரத்தம் சோதிக்கப்படுகிறது. 1987-ல் நாகசாகி மாகாணம் கர்ப்பிணிகளைச் சோதித்து, தொற்றுள்ள தாய்மார்களுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்று வழங்கத் தொடங்கியது. நீண்ட நாள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வந்த தொற்று, அந்த ஏற்பாட்டால் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவுக்கு இறங்கியது. அமெரிக்கா 1988-லும் பிரேசில் 1993-லும் இரத்த வங்கிகளில் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கின. பிரேசிலின் சால்வடார் நகரில் மக்களில் ஏறக்குறைய 1.8 சதவீதத்தினரிடம் இந்த வைரஸ் இருந்ததை ஓர் ஆய்வு காட்டியிருந்தது. உலகம் முழுதும் 50 லட்சம் முதல் ஒரு கோடி பேர் வரை எச்.டி.எல்.வி-1ஐச் சுமக்கிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இத்தனைக்கும் 2018-ல் ராபர்ட் கேலோவும் சக மருத்துவர்களும் இந்த வைரஸை ஒழிக்க முன்வருமாறு உலக சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. முதலில் கண்டுபிடிக்கப்பட்டு அப்போதே நாற்பது ஆண்டுகளை நெருங்கியிருந்த ஒரு வைரஸுக்கு நேர்ந்த புறக்கணிப்பு அது.

இந்தியாவில் இரத்த வங்கிகள் கட்டாயமாகச் சோதிப்பவை எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்தைத்தான். எச்.டி.எல்.வி. அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் கால் விறைப்புக்குக் காரணம் தேடும்போது பி12 குறைவு, முதுகெலும்புக் காசநோய், மேகநோய், தண்டுவட அழுத்தம் ஆகியவற்றை முதலில் பார்ப்பதுதான் முறை. அவை எதுவும் இல்லை என்றான பிறகும் நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கால் இறுகுவது, அடிக்கடி இடறுவது, சிறுநீர் அவசரமாக வருவது, பாதம் எரிவது என்று எது தொடங்கினாலும், அடுத்த மாத மருந்து வாங்கப் போகும்வரை காத்திருக்காமல், அந்த மருந்தை வழங்கும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. வழக்கமான காரணங்கள் கிடைக்காவிட்டால், எச்.டி.எல்.வி. எதிர்ப்பொருள் பரிசோதனை தேவையா என்று கேட்கலாம். அதற்கு இரத்தம் கொஞ்சம் போதும். கேட்க நோயாளிக்கும் உரிமை உண்டு, உடன் வரும் குடும்பத்தாருக்கும் உண்டு.